நுண்ணுயிர் உரம் வேருக்குப் போய்ச் சேர்ந்ததா?

கேள்வி: ஒட்டன்சத்திரத்தை அடுத்த கிராமம் எங்களுடையது. ஒன்றரை ஏக்கரில் தக்காளியும் கொஞ்சம் கத்தரியும் போடுகிறோம். செம்மண், போர்வெல் தண்ணீர், சொட்டுநீர்ப் பாசனம். மண்ணுக்கு நல்லது என்று கேள்விப்பட்டு, காற்றிலிருந்து தழைச்சத்தை (நைட்ரஜன்) பிடிக்கும் அசோஸ்பைரில்லம், மண்ணிலுள்ள மணிச்சத்தை (பாஸ்பரஸ்) கரைக்கும் பாஸ்போபாக்டீரியா என்ற இரண்டு நுண்ணுயிர் உரங்களைச் சித்திரை நடவில் வாங்கி இரண்டு முறை போட்டேன். முதல் முறை மணலில் கலந்து வயல் முழுக்கத் தூவினேன். அடுத்த முறை டி.ஏ.பி. (டைஅம்மோனியம் பாஸ்பேட்) உரக் கரைசலோடு சேர்த்துச் சொட்டுநீரில் விட்டேன். ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர், "கரித்தூளை யாராவது காசு கொடுத்து வாங்குவார்களா அம்மா?" என்கிறார். உரக்கடையில் இப்போது பன்னிரண்டு நுண்ணுயிர் கலந்த ஒரு பாட்டிலைக் காட்டுகிறார்கள். அதை வாங்கலாமா? யூரியாவை அறவே நிறுத்திவிட முடியுமா? நடுநடுவே சில செடிகள் பச்சையாகவே வாடிச் சாகின்றன. இந்த நுண்ணுயிர்கள் அதற்கும் மருந்தாகுமா? ஆடியில் மறுபடி நடப் போகிறோம். மண் பரிசோதனை அட்டையின் நகலை இணைத்திருக்கிறேன்.

— ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

அன்புள்ள சகோதரி,

உங்கள் பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொன்னதில் பாதி சரி. அந்தப் பொட்டலத்தை நிறுத்துப் பார்த்தால் ஏறக்குறைய எல்லாமே கரித்தூள்தான். நைசாக அரைத்த பழுப்பு நிலக்கரி. பாக்டீரியா தங்குவதற்கு இடமும் ஈரமும் வேண்டும் என்பதற்காக அதில் ஏற்றித் தருகிறார்கள். நீங்கள் காசு கொடுத்தது கரிக்கு அல்ல, அதில் உயிரோடு இருப்பவற்றுக்கு. நீங்கள் போட்ட விதத்தைப் படித்தபோது, அவை உயிரோடு உங்கள் தக்காளி வேரை எட்டியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்றே எனக்குத் தோன்றியது. ஆகவே, நுண்ணுயிர் உரம் உங்கள் வயலில் தோற்றுவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். அங்கே அது இன்னும் சோதிக்கப்படவே இல்லை.

முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் நாட்டில் 2006 முதல் நுண்ணுயிர் உரங்களும் உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் வருகின்றன. தூளாக விற்பதில் ஒரு கிராமுக்குக் குறைந்தது 5 கோடி, திரவமாக விற்பதில் ஒரு மில்லிக்குக் குறைந்தது 10 கோடி என்ற அளவில் உயிருள்ள பாக்டீரியா இருக்க வேண்டும் என்பது அதன் விதி. 200 கிராம் பொட்டலம் நான்கு வாங்கினால் 800 கிராம். அதில் 4,000 கோடி. கேட்க மலைப்பாக இருக்கிறது. ஆனால் ஓர் ஏக்கரில் மேல் அரையடி மண் மட்டுமே ஏறத்தாழ 9 லட்சம் கிலோ எடை. அந்த 4,000 கோடியை அத்தனை மண்ணிலும் சமமாகப் பரப்பினால் ஒரு கிராம் மண்ணுக்கு 45 பாக்டீரியாகூடத் தேறாது. அதே ஒரு கிராம் மண்ணில் ஏற்கெனவே குடியிருக்கும் பாக்டீரியாக்களோ கோடிக்கணக்கில். இருக்கிற உணவுக்கு அவை அத்தனையும் போட்டியிடும் இடத்தில், ஆய்வுக்கூடத்துச் சொகுசில் வளர்ந்த 45 புதியவை என்ன செய்துவிட முடியும்?

இப்போது அதே நான்கு பொட்டலத்தை நாற்றங்காலில் வைத்துப் பாருங்கள். ஏக்கருக்கு 6,000 நாற்று என்று கொள்வோம். 98 குழிகள் உள்ள தட்டு 62 வேண்டும். தட்டுக்குச் சுமார் 1.2 கிலோ தென்னைநார்க் கழிவு பிடிக்கும்; மொத்தம் 75 கிலோ. கிலோவுக்கு 10 கிராம் வீதம் நுண்ணுயிர் உரம் கலந்தால் முக்கால் கிலோ போதும். அப்போது அந்த நார்க்கழிவின் ஒவ்வொரு கிராமிலும் 5 லட்சம் பாக்டீரியா இருக்கும். பொட்டலமும் அதே, காசும் அதே. வேரைச் சுற்றி இருக்கும் எண்ணிக்கை மட்டும் பத்தாயிரம் மடங்குக்கு மேல் கூடிவிட்டது. காய்கறிப் பயிரில் நுண்ணுயிர் உரத்தைப் பற்றி என்னிடம் ஒரே ஒரு செய்திதான் கேட்க வேண்டும் என்றால் இதைத்தான் சொல்வேன்: வயலில் தூவாதீர்கள், நாற்றில் ஏற்றுங்கள்.

எண்ணிக்கை மட்டுமே காரணம் அல்ல. விதை முளைத்து வேர் விட்டதுமே, இலை தயாரிக்கும் சர்க்கரையிலும் அமினோ அமிலங்களிலும் ஒரு பங்கு வேர் வழியே வெளியே கசிகிறது. வேரை ஒட்டிய ஓரிரு மில்லிமீட்டர் மண் மற்ற மண்ணைப் போல் இல்லை, அங்கே நுண்ணுயிர்கள் மொய்க்கின்றன என்பதைக் கண்டு அதற்கு வேர்மண்டலம் என்ற பெயரை 1904-இல் கொடுத்தவர் ஜெர்மனியின் லோரென்ஸ் ஹில்ட்னர். அந்தக் கசிவைத் தேடித்தான் அசோஸ்பைரில்லம் நீந்தி வருகிறது. இளம் வேரில் முதலில் வந்து ஒட்டிக்கொண்ட கூட்டத்தை அப்புறப்படுத்திவிட்டு மற்றொன்று அங்கே இடம்பிடிப்பது கடினம். நார்க்கழிவில் போட்டியாளர்களும் குறைவு. இருபத்தைந்து நாள் நாற்று வயலுக்கு வரும்போது தனக்கு வேண்டிய கூட்டத்தை வேரிலேயே சுமந்துகொண்டு வர வேண்டும்.

உங்கள் பகுதியில் பெரும்பாலோர் நாற்றை நிழல்வலைப் பண்ணைகளில் விலைக்கு வாங்குகிறார்கள். நீங்களும் அப்படித்தான் என்றால், முன்பணம் கொடுக்கும்போதே பண்ணைக்காரரிடம் பேசிவிடுங்கள். உரத்தை நீங்களே வாங்கிக் கொடுத்து, உங்கள் தட்டுகளுக்கு நிரப்பும் நார்க்கழிவில் கலந்து தரச் சொல்லுங்கள். இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள். நாற்றழுகலுக்குப் பயந்து பல பண்ணைகளில் காப்பர் ஆக்சிகுளோரைடு ஊற்றுவது வழக்கம். தாமிரம் பூசணத்தைக் கொல்வது போலவே பாக்டீரியாவையும் கொல்லும். அதற்குப் பதிலாக, நோய்க்கிருமிகளை எதிர்க்கும் பாக்டீரியாவான சூடோமோனாஸ் ஃப்ளூரசன்ஸ் தூளையும் நார்க்கழிவிலேயே கலக்கச் சொன்னால் நாற்றழுகலைக் குறைக்கவும் உதவும், உங்கள் நோக்கத்துக்கும் கெடுதல் வராது.

பண்ணைக்காரர் ஒத்துக்கொள்ளவில்லையா, நாற்றுத் தட்டுகள் வீட்டுக்கு வந்த பிறகு செய்யுங்கள். 40 லிட்டர் தண்ணீரில் அசோஸ்பைரில்லம் இரண்டு பொட்டலம், பாஸ்போபாக்டீரியா இரண்டு பொட்டலம் கரைத்து, நடவுக்கு முந்தின மாலை தட்டுகளின்மேல் பூவாளியால் வேர்ப்பந்து நன்றாக நனையும்வரை ஊற்றுங்கள். கரி அடியில் படியும். கையால் அடிக்கடி கலக்கிவிட்டுக்கொண்டே ஊற்ற வேண்டும். போர்வெல் தண்ணீர் போதும். குளோரின் கலந்த குடிநீர்க் குழாய்த் தண்ணீர் வேண்டாம். மேட்டுப்பாத்தியில் வளர்த்துப் பிடுங்கிய நாற்றாக இருந்தால் இதே கரைசலில் வேரை 15 முதல் 30 நிமிடம் நனைத்து நட்டுவிடலாம். வெயில் தாழ்ந்த பிறகு நடுங்கள்.

வெண்டை போல விதையை நேரே ஊன்றும் பயிருக்கு விதைநேர்த்திதான் வழி. ஆறிய அரிசிக் கஞ்சியில் தூளைக் குழைத்து, விதையின் மேல் கறுப்புப் பூச்சு சீராகப் படியும்படி புரட்டி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி அன்றே ஊன்றிவிட வேண்டும். கஞ்சி சூடாக இருந்தால் எல்லாம் போயிற்று. வீரிய ஒட்டு விதைகள் இளஞ்சிவப்பாகவோ நீலமாகவோ சாயம் ஏறி வரும். பெரும்பாலும் அது பூசணக்கொல்லி. அந்த விதையின்மேல் பாக்டீரியாவைப் பூசுவதில் பொருளில்லை. குழியில் எருவோடு சேர்த்துப் போடுங்கள்.

எருவைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் மண் அட்டையில் எனக்கு மிகவும் கவலை தந்த எண் அங்கேதான் இருக்கிறது. அங்ககக் கரிமம், அதாவது மண்ணில் மட்கு எவ்வளவு என்று காட்டும் எண், 0.31 சதவீதம். 0.5-க்குக் கீழே போனாலே குறைவு என்று வகைப்படுத்துவோம். நாற்றோடு வயலுக்கு வரும் பாக்டீரியாவுக்கு வேர்க்கசிவு உணவு தரும் என்பது உண்மைதான். ஆனால் மண்ணில் மட்கு இல்லையென்றால் அரை நாள் தண்ணீர் தவறினாலே வேர்மண்டலம் காய்ந்து சூடேறிவிடுகிறது, பாக்டீரியா பெருகுவதற்கு வழியில்லை. பட்டினி போட்ட மண்ணில் எந்த நிறுவனத்தின் பாட்டிலை ஊற்றினாலும் காசுக்குத்தான் கேடு. நடவுக்கு இன்னும் ஐம்பது நாள் இடைவெளி இருந்தால் இன்றே பசுந்தாள் உரப்பயிரான சணப்பை விதைத்துவிடுங்கள். பூக்கத் தொடங்கும்போது, ஏறத்தாழ 45-ஆம் நாளில் மடக்கி உழுங்கள். சணப்பு வேர்முடிச்சு நூற்புழுவையும் குறைக்கும் என்பது தக்காளிக்காரருக்குக் கூடுதல் ஆதாயம். நாள் போதாது என்றால் ஆட்டுக்கிடை போடுங்கள். உங்கள் பக்கம் கிடை ஆட்டுக்காரர்கள் வந்துபோகிறார்கள் அல்லவா? இரண்டு இரவுக் கிடை, ஒரு லாரி பச்சைச் சாணத்தைவிட எனக்கு உசத்தி. பச்சைச் சாணம் மண்ணில் மட்கும்போது பயிருக்கான தழைச்சத்தையும் அதுவே பிடித்து வைத்துக்கொள்ளும், வேரையும் சுடும்.

இதோடு நடவுக்குப் பத்துப் பதினைந்து நாள் முன்பாக, நன்றாக மட்கி, பிடித்தால் பிடியாகவும் உதிர்த்தால் உதிரியாகவும் வரும் தொழு உரம் 200 கிலோ எடுத்து, மர நிழலில் கொட்டி, நான்கு பொட்டலத் தூளைத் தூவிப் புரட்டுங்கள். கொஞ்சம் வெல்லக் கரைசல் தெளித்து ஈரச்சாக்கால் மூடி வையுங்கள். மூன்று நாளுக்கு ஒரு முறை சாக்கைத் தூக்கி உள்ளே கை விட்டுப் பார்க்க வேண்டும். காய்ந்திருந்தால் தண்ணீர் தெளியுங்கள். கை பொறுக்காத சூடு என்றால் எரு இன்னும் மட்கவில்லை, பரப்பி ஆறவிடுங்கள். மண்வாசனை வந்தால் நல்லது. அழுகல் நாற்றம் வந்தால் காற்றில்லை, மறுபடி புரட்டுங்கள். இந்த எருவை நடவுக் குழிக்கு ஒரு சிறு பிடி வீதம் வைத்து அதன் மேல் நாற்றை ஊன்றுங்கள். வயல் முழுக்க வீசுவதற்கு 200 கிலோ ஒன்றுமே இல்லை. குழிக்கு வைத்தால் ஏக்கருக்குப் போதும்.

இனி, சித்திரையில் என்ன நடந்திருக்கும் என்று பார்ப்போம். உலர்ந்த மணலில் கலந்து, கத்திரி வெயிலை ஒட்டிய நாள்களில் தூவியிருக்கிறீர்கள். மேல்மண் காய்ந்து கொதிக்கும் அந்த வேளையில் ஈரமின்மையும் சூடும் நேரடி வெயிலும் சேர்ந்து சில மணி நேரத்தில் பெரும்பங்கை முடித்திருக்கும். இரண்டாம் முறை டி.ஏ.பி. கரைசலோடு சேர்த்தீர்கள். அடர்ந்த உப்புக் கரைசலில் பாக்டீரியா உயிரணுவிலிருந்து நீர் வெளியே இழுக்கப்பட்டுச் சுருங்கிவிடும். யூரியா, டி.ஏ.பி., நீரில் கரையும் உரம் எதுவாக இருந்தாலும் ஒரே தொட்டியில் சேர்க்காதீர்கள்; ஒரு வாரம் தள்ளி விடுங்கள். தாமிர மருந்து ஊற்ற வேண்டி வந்தால் இரண்டு வாரம். சொட்டுநீரில் விடுவதற்குத் திரவ வடிவம்தான் ஏற்றது. கரித்தூள் வடிகட்டியை அடைத்துவிடும். முதல் அரை மணி வெறும் தண்ணீர், பிறகு வெஞ்சுரி (குழாய் நீரில் உரத்தை உறிஞ்சிச் சேர்க்கும் கருவி) வழியே திரவம், கடைசியில் கால் மணி மறுபடி வெறும் தண்ணீர். குழாய் கழுவ அமிலமோ குளோரினோ விட்டிருந்தால் சில நாள் பொறுத்திருங்கள்.

அந்த டி.ஏ.பி.யைப் பற்றியே தனியாகப் பேச வேண்டும். உங்கள் அட்டையில் மணிச்சத்து ஹெக்டேருக்கு 38 கிலோ. 22 தாண்டினாலே அதிகம் என்று கணக்கு. அதாவது பல வருடமாகப் போட்ட டி.ஏ.பி. உங்கள் மண்ணில் சேர்ந்து கிடக்கிறது. பாஸ்போபாக்டீரியாவின் வேலை, சுண்ணாம்போடு கட்டுண்டு கிடக்கும் மணிச்சத்தை, தான் சுரக்கும் குளுக்கோனிக் போன்ற கரிம அமிலங்களால் கரைத்து வேருக்குக் கொடுப்பது. ஆய்வுக்கூடத் தட்டில் இது கண்ணுக்கே தெரியும். வெண்மையான கால்சியம் பாஸ்பேட் கலந்த ஊடகத்தில் பாக்டீரியா வளர்ந்த இடத்தைச் சுற்றிக் கண்ணாடி போலத் தெளிவான வளையம் விழும். வயலில் அவ்வளவு எளிதில் நடப்பதில்லை. கார அமில நிலை (pH) 8.2 உள்ள, சுண்ணாம்பு கலந்த மண்ணில், சுரக்கும் அமிலத்தின் ஒரு பகுதியைச் சுண்ணாம்பே தின்றுவிடும். வேரை ஒட்டிய அந்த மெல்லிய படலத்தில் மட்டும்தான் அது வேலை செய்ய முடியும். அதனால்தான் மறுபடியும் சொல்கிறேன், நாற்றில் ஏற்றுங்கள். மணிச்சத்து ஏற்கெனவே மிகுதியாக உள்ள வயலில் பாஸ்போபாக்டீரியா விளைச்சலை எகிறச் செய்யும் என்று எதிர்பார்ப்பதும் சரியல்ல. அங்கே உங்கள் லாபம் வேறு: டி.ஏ.பி. செலவைத் துணிந்து குறைக்கலாம். சுண்ணாம்பு மிகுந்த போர்வெல் தண்ணீரில் டி.ஏ.பி. கரைத்து விட்டால் கால்சியம் பாஸ்பேட்டாகப் படிந்து சொட்டுவான்களை அடைக்கும் என்பதையும் மனத்தில் வையுங்கள். சொட்டுவான்களின் வாயில் வெள்ளையாக ஏதாவது படிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

யூரியாவை அறவே நிறுத்த முடியுமா என்று கேட்டீர்கள். முடியாது. ஆசை காட்ட எனக்கு மனமில்லை. ஒரு டன் தக்காளி விளையச் செடி சுமார் இரண்டரை முதல் மூன்று கிலோ தழைச்சத்தை எடுத்துக்கொள்கிறது. ஏக்கருக்குப் பத்து டன் எடுப்பவர் 25 முதல் 30 கிலோ தழைச்சத்தைக் காயோடும் செடியோடும் வெளியே அனுப்புகிறார். பயறு வகைகளின் வேர்முடிச்சில் ரைசோபியம் செய்வது போன்ற பெரிய அளவு தழைச்சத்து நிலைநிறுத்தம் அசோஸ்பைரில்லத்தால் ஆகாது. அது முடிச்சுப் போடுவதில்லை, வேரின் மேற்பரப்பிலும் வெளியடுக்கிலும் வாழ்கிறது. காற்றிலிருந்து அது பிடிப்பதில் பயிருக்குக் கிடைப்பது சில கிலோதான். அதன் உண்மையான உதவி வேறொன்று. அது சுரக்கும் இண்டோல் அசிட்டிக் அமிலம் என்ற வளர்ச்சி ஊக்கி வேரைக் கிளைக்கச் செய்கிறது, வேர்த்தூவிகளைப் பெருக்குகிறது. நீங்கள் போட்ட உரத்தையும் விட்ட தண்ணீரையும் செடி கூடுதலாக எட்டிப் பிடிக்கிறது. ஆகவே இது உரத்துக்கு மாற்று என்பதைவிட, போடும் உரம் வீணாகாமல் தடுக்கும் துணை என்று கொள்வதே சரி.

என் யோசனை, முதல் பட்டத்தில் தழைச்சத்தில் கால் பங்குக்கு மேல் குறைக்காதீர்கள். டி.ஏ.பி.யை நிறுத்தினால் அதிலிருந்த 18 சதவீதத் தழைச்சத்தும் போய்விடும் என்பதை அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பலர் இதை மறந்துவிட்டு, செடி வெளுத்ததும் நுண்ணுயிரைக் குறை சொல்கிறார்கள். யூரியாவை ஒரேயடியாக மூட்டையாகக் கொட்டுவதையும் விடுங்கள். வேரைச் சுற்றி அம்மோனியமும் நைட்ரேட்டும் மிகுந்து கிடந்தால் அசோஸ்பைரில்லம் காற்றிலிருந்து பிடிப்பதை நிறுத்திவிடும். சொட்டுநீரில் வாரம் ஒரு முறை சிறுகச் சிறுக விடுவது இரண்டுக்கும் நல்லது.

எவ்வளவு பலன் எதிர்பார்க்கலாம்? அசோஸ்பைரில்லத்தைக் கொண்டு உலகின் பல நாடுகளில் 20 வருடம் நடந்த வயல் சோதனைகளை இஸ்ரேலின் யாகோவ் ஒகோனும் உருகுவேயின் கார்லோஸ் லபாந்தேராவும் 1994-இல் தொகுத்துப் பார்த்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை தானியப் பயிர்கள். 60 முதல் 70 சதவீதச் சோதனைகளில் விளைச்சல் கூடியிருந்தது. கூடிய அளவு 5 முதல் 30 சதவீதம். மீதிச் சோதனைகளில் சொல்லும்படி ஒன்றுமில்லை. தேர்ந்த விஞ்ஞானிகள் கவனமாகச் செய்தவற்றிலேயே மூன்றில் ஒன்று பலன் தரவில்லை என்பதை விற்பவர்கள் சொல்வதில்லை; மூன்றில் இரண்டு பலன் தந்தது என்பதைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் நம்புவதில்லை.

கடையில் காட்டிய பாட்டிலை நான் பார்க்கவில்லை. பல நுண்ணுயிர்களைச் சேர்த்துக் கொடுப்பதில் தவறொன்றும் இல்லை. பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம், தழைச்சத்தை நிலைநிறுத்துவது, மணிச்சத்தையும் துத்தநாகத்தையும் கரைப்பது, வளர்ச்சியைத் தூண்டுவது என்று சேர்ந்து வாழக்கூடியவற்றைத் தேர்ந்து அர்கா மைக்ரோபியல் கன்சார்ஷியம் என்ற பெயரில் காய்கறிகளுக்கென்றே கொடுக்கிறது. ஒன்றையொன்று கொல்லாமல் ஒரே இடத்தில் வாழும் என்று சோதித்துப் பார்த்த கூட்டு அது. உங்கள் கடைக்காரர் காட்டியதில் பன்னிரண்டின் பெயரும் ஒவ்வொன்றின் எண்ணிக்கையும் அச்சிட்டிருக்கிறதா? தயாரித்த நாள், காலாவதி நாள், தொகுதி எண், உரிமம் இருக்கிறதா? "நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் 12" என்று மட்டும் போட்டிருந்தால் வாங்காதீர்கள். பட்டியலில் இருக்கக்கூடிய ட்ரைக்கோடெர்மாவும் வேம் என்ற வேர்ப்பூசணமும் பாக்டீரியா அல்ல, பூசணங்கள். ரைசோபியம் அவரை, காராமணி, கொத்தவரைக்குத்தான் முடிச்சுப் போடும், தக்காளிக்கும் கத்தரிக்கும் போடாது. எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டுவதற்காக அதையும் சேர்த்திருப்பார்கள்.

வேளாண்மைத் துறையின் உயிர் உர உற்பத்தி நிலையங்களில் தயாராகி வேளாண் விரிவாக்க மையங்களில் விற்பது, கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் கிடைப்பது ஆகியவற்றை முதலில் தேடுங்கள். எங்கே வாங்கினாலும் அலமாரியில் வெயில் படும் இடத்தில் இருந்ததை எடுக்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் தகரக் கூரை போட்ட மோட்டார் அறையில், பூச்சிமருந்துக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். மண்பானைக்குப் பக்கத்து மூலையே போதும்.

வாடும் செடிகளுக்கு வருகிறேன். காரணம் தெரியாமல் மருந்து சொல்ல முடியாது. ஆனால் நீங்களே வீட்டில் ஒரு சோதனை செய்யலாம். காலையில் வாடத் தொடங்கிய செடி ஒன்றைப் பிடுங்கி, தண்டின் அடிப்பகுதியில் இரண்டு அங்குலத் துண்டு வெட்டுங்கள். கண்ணாடித் தம்ளரில் தெளிந்த தண்ணீர் ஊற்றி, அந்தத் துண்டின் ஒரு முனை மட்டும் தண்ணீரில் படும்படி அசையாமல் பிடித்திருங்கள். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால்வெள்ளை இழை நூல்நூலாகக் கீழே இறங்கினால் அது பாக்டீரியா வாடல் நோய். ரால்ஸ்டோனியா என்ற மண் பாக்டீரியாவின் வேலை. இழை வரவில்லை, கீழ் இலைகள் முதலில் மஞ்சளாகி, தண்டைப் பிளந்தால் உட்புறம் பழுப்புக் கோடு தெரிந்தால் ஃபுசேரியம் பூசணம். தண்டின் அடியில் வெண்பூசணமும் கடுகு அளவு உருண்டைகளும் இருந்தால் அடித்தண்டு அழுகல். வேரில் முடிச்சுகள் இருந்தால் நூற்புழு.

எதுவாக இருந்தாலும் வாடிய செடி பிழைக்காது. வேர்மண்ணோடு எடுத்து அப்புறப்படுத்துங்கள். அந்தப் பாத்தித் தண்ணீர் அடுத்த பாத்திக்குப் போகாமல் பாருங்கள். சூடோமோனாஸ் மருந்து அல்ல, காவல். புற ஊதா ஒளியில் மஞ்சள்பச்சையாக ஒளிரும் ஒரு பொருளை அது சுரக்கிறது. அது மண்ணில் கிடைக்கும் இரும்பை வளைத்துப் பிடித்துக்கொண்டு நோய்க்கிருமியைப் பட்டினி போடுகிறது. சில வகைகள் எதிர் உயிரிப் பொருளையும் சுரக்கின்றன, செடியின் சொந்த எதிர்ப்பையும் தட்டி எழுப்புகின்றன. இதெல்லாம் நோய் வருமுன் வேரில் இடம்பிடித்திருந்தால்தான் நடக்கும். அடுத்த நடவில் லிட்டருக்கு 5 கிராம் வீதம் கரைத்து வேரை நனையுங்கள். ஏக்கருக்கு ஒரு கிலோவை, நிழலில் மூடி வைக்கச் சொன்ன அந்தத் தொழு உரத்திலும் சேருங்கள். தம்ளரில் வெள்ளை இழை வந்த வயலாக இருந்தால் இதை மட்டும் நம்ப வேண்டாம். அந்தப் பகுதியில் மூன்று பட்டமாவது தக்காளி, கத்தரி, மிளகாய் தவிர்த்துச் சோளமோ மக்காச்சோளமோ போடுங்கள். கத்தரியை விட முடியாது என்றால் சுண்டைக்காய் வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டிய நாற்று கிடைக்கிறது. விலை கூடுதல்தான், ஆனாலும் நோய் வயலில் அதுதான் நிற்கும். செடி மாதிரியை மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு வேலை, இதைத் தட்டாமல் செய்ய வேண்டும். ஆடி நடவில் எல்லா நாற்றுக்கும் நுண்ணுயிர் ஏற்றாதீர்கள். ஆறு தட்டுகளைத் தனியே, தூள் கலக்காமல் வளர்க்கச் சொல்லுங்கள். ஒரே ரகம், ஒரே நாள் விதைப்பு. வயலின் ஓரத்தில் அல்ல, நடுவில், ஏற்றிய வரிசை இரண்டு, ஏற்றாத வரிசை இரண்டு என்று மாற்றி மாற்றி மூன்று இடத்தில் நட்டுக் குச்சியில் துணி கட்டி அடையாளம் வையுங்கள். யூரியாவையும் தண்ணீரையும் இரண்டுக்கும் ஒரே மாதிரி கொடுங்கள். நட்ட இருபதாம் நாள் இரண்டு பக்கத்திலும் இரண்டு செடியைத் தோண்டி, வேரைத் தண்ணீரில் அலசிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரரையும் கூப்பிடுங்கள். பலன் இருந்தால் முதலில் வேரில்தான் தெரியும், இலையில் அல்ல. பிறகு ஒவ்வொரு பறிப்பிலும் இரண்டையும் தனித்தனியாக எடை போட்டு நோட்டில் எழுதுங்கள். கடைசிப் பறிப்பு முடிந்ததும் அந்த நோட்டின் நகலை எனக்கு அனுப்புங்கள், இரண்டு பக்கமும் ஒரே எடையாக வந்திருந்தாலும் அனுப்புங்கள். அதைப் பார்த்துத்தான் அடுத்த பட்டத்தில் யூரியாவை மேலும் குறைக்கலாமா, அல்லது இந்தச் செலவையே நிறுத்திவிட்டு அந்தக் காசையும் எருவில் போடலாமா என்று சொல்ல முடியும்.